பெயர் கொள்ளாத வட்டு: வன்வட்டு விவரம் காட்டும் கட்டளைகளில் தமிழ் எழுத்தின் அளவை

முன்னுரை

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் அடைபட்டுக் கிடந்தன என்பது திருமுறைகண்ட புராணம் கூறும் மரபு. நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, இராசராசன் அவ்வறையைத் திறப்பித்தபோது ஏடுகளுட் பல செல்லரித்துப் போயிருந்தன. ஏடு இருப்பது வேறு. எது எங்கே எந்நிலையில் இருக்கிறது என அறிந்திருப்பது வேறு என்பதை இம்மரபு உணர்த்துகிறது. இன்று சுவடிகளின் மின்படிமங்கள் வன்வட்டுகளில் சேர்கின்றன. வட்டின் உள்ளிருப்பைச் சுருக்கமாகக் கூறும் பணியைச் சில கட்டளைவரிக் கருவிகள் செய்கின்றன. அவை தமிழ்ப் பெயரைக் கையாளும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கருவிகளும் பணியும்

லினக்சு இயங்குதளத்தில் ‘டிஎஃப்’ என்னும் கட்டளை, வட்டுப் பகுதி ஒவ்வொன்றின் மொத்தக் கொள்ளளவு, பயன்பட்ட அளவு, எஞ்சிய அளவு ஆகியவற்றைக் காட்டும். 1971இல் வெளிவந்த யூனிக்சின் முதற்பதிப்பிலேயே இக்கட்டளை இருந்தது. ‘எல்எஸ்பிஎல்கே’ உரிய தெரிவுடன் தரப்படின், பகுதியின் பெயரையும் அடையாள எண்ணையும் காட்டும். ‘ஈ2லேபிள்’ அப்பெயரை இடவும் மாற்றவும் உதவும். அடையாள எண் எந்திரத்திற்கு உரியது; பெயர் மனிதருக்கு உரியது. பல வட்டுகளில் தரவைச் சேமிக்கும் ஆய்வாளர்க்கு அப்பெயரே முதல் அட்டவணை.

எழுத்தும் பைட்டும்

ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கென ஒதுக்கப்பட்ட இடம் 16 பைட்டு. கருவியின் கையேடோ 16 எழுத்து என்று கூறுகிறது. ரோமன் எழுத்திற்கு இவ்விரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டு கொள்ளும், உயிர்மெய்யில் மெய்வடிவும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியெண்கள், புள்ளியும் அவ்வாறே. ஆகவே தமிழ் இலக்கண நோக்கில் 6 எழுத்துடைய ‘சிதம்பரம்’ 9 குறியெண்களாகி 27 பைட்டு கொள்கிறது. 3 எழுத்துடைய ‘தில்லை’யும், 4 எழுத்துடைய ‘கடலூர்’ என்பதும் 18 பைட்டு. மூன்றுமே இடங்கொள்ளா. ரோமன் எழுத்தில் ‘சிதம்பரம்’ 11 எழுத்தாக எளிதில் அடங்கிவிடுகிறது.

மிகுந்த பெயரைக் கருவி எச்சரித்து வெட்டுகிறது. பதினாறாம் பைட்டில் வெட்டினால் ‘சிதம்’ என்பதும், பகரத்தின் மூன்றில் ஒரு பங்கான சிதைந்த பைட்டும் எஞ்சும். ‘கடலூர்’ புள்ளியிழந்து ‘கடலூர’ ஆகும். அதன்பின் ஒரு சிதைவும் நிற்கும். இடம் குறுகியது குற்றமன்று. ஈஎக்ஸ்டி2 வடிவமைக்கப்பட்ட 1993இல் சிக்கனம் தேவையாக இருந்தது. பழைய வட்டுகளைப் படிக்க அவ்வமைப்பைக் காப்பதும் முறையே. எழுத்தின் எல்லை அறியாமல் வெட்டுவதும், பைட்டை எழுத்தென ஆவணத்தில் எழுதுவதுமே குற்றம்.

நிரல் பிறழ்தல்

காட்சியிலும் இத்தகைய முரண் உண்டு. ஒருங்குறித் தரவில் குறில் இகரக் குறி இடங்கொள்ளும் குறியாகவும், நெடில் ஈகாரக் குறி இடங்கொள்ளாக் குறியாகவும் வகுக்கப்பட்டுள்ளன. இதனைப் பின்பற்றும் அகலக் கணக்குகளில் ‘சி’ இரண்டு கட்டமாகவும் ‘சீ’ ஒரு கட்டமாகவும் எண்ணப்படும். எல்எஸ்பிஎல்கே அட்டவணையில் பெயர் இடையில் வருவதால், அதனை அடுத்த நிரல்கள் பிறழக்கூடும்.

மாற்றுவழிகள்

என்டிஎஃப்எஸ் முறைமை 32 பதினாறு-பிட்டு அலகுகளைப் பெயருக்கு அளிப்பதால் ‘சிதம்பரம்’ 9 அலகில் அடங்குகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் தரமாக ஏற்ற டேஸ்-16 குறியாக்கம், ஒவ்வொரு தமிழெழுத்திற்கும் ஒரே குறியெண் தருகிறது. ஆயினும் யுடிஎஃப்-8இல் அதுவும் எழுத்துக்கு 3 பைட்டே. ‘தில்லை’ 9 பைட்டில் அடங்கும், ‘சிதம்பரம்’ 18 ஆகி அடங்காது. குறியாக்க மாற்றம் மட்டும் முழுத்தீர்வு ஆகாது என்பது இதனால் தெளிவாகும்.

முடிவுரை

வரம்பைப் பைட்டில் குறிப்பிடுவதும், மிகுந்த பெயரை வெட்டாது மறுப்பதும், வெட்ட நேரின் எழுத்தெல்லையில் வெட்டுவதும் கருவி செய்வோர் கடமை. ஆய்வாளர், பகுதிக்குச் சுருக்கக் குறியிட்டு, முழுத் தமிழ்ப்பெயரை உள்ளிருக்கும் கோப்புறைக்கு இடலாம். ஈஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயர்க்கு 255 பைட்டு, அதாவது 85 தமிழ்க் குறியெண்களுக்கு இடமுண்டு. ரோமன் வடிவில் ஒரே ஊர்ப்பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதும் நிலையில், தமிழ்ப்பெயரைக் காப்பது மொழிப்பற்று மட்டுமன்று. தேடிய சுவடி கிடைப்பதற்கான வழியும் ஆகும்.