யூதர் கடவுட்கொள்கையும் அற்புதமும்

யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம், பாதிரிமார் நம் சமயத்தின்மேற் சுமத்திய பழிகளை அவர்தம் வேதங்கொண்டே விலக்கிய அரிய நூலாம். கிறித்தவர் பழைய ஏற்பாடாகக் கொள்வது யூதர்தம் வேதமே. அதன்கண் விதிக்கப்பட்ட யெருசலேம் ஆலயக் கிரியைகளை எடுத்துக்காட்டி, அவை ஆண்டுக் குற்றமாகாவிடத்து நம் கிரியைகளும் குற்றமாகா என நாவலரவர்கள் நிறுவினார்கள். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழ்ப்படுத்திய பயிற்சி இதற்குத் துணையாயிற்று.

ஆயினும், அந்நூல் பயில்வோர் பலர் யூதசமயம் என்பது அப்பழைய கிரியைகளே எனக்கொண்டு அமைகின்றனர். அவ்வாலயம் கி.பி. 70இல் அழிந்தது. எம் மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே மலைகடந்து கொச்சி சென்று, ஆண்டு 1568இல் எழுந்த யூதர் செபாலயத்தைக் காண்போர்க்குப் பலியும் உருவமும் புலப்படா, வேதச்சுருளே புலப்படும். ஆலயமிழந்தபின் அவ்வறிஞர் ஆராய்ந்து கண்டவை நம்மனோர் அறியற்பாலன.

தால்மூது என்னும் அவர்தம் பெருநூலில் ஒரு வரலாறு உளது. ஓர் அடுப்பின் தூய்மை பற்றிய வாதத்தில், எலியேசர் என்னும் ஆசிரியர் தம் கொள்கைக்குச் சான்றாக மரத்தை இடம்பெயர்த்தார். ஓடும் நீரை எதிர்முகமாகத் திருப்பினார். ஈற்றில் விண்ணொலியும் அவர்க்கு இசைந்தது. ஏனையோரோ, வேதம் மாந்தர்க்கு அருளப்பட்டுவிட்டமையின் அதன் பொருளை ஆராய்ச்சியும் பெரும்பான்மையோர் துணிபுமே முடிவுசெய்யும் என்று, அவ்வற்புதங்களைச் சான்றாக ஏற்றிலர். 1204இல் மறைந்த மைமோனிடிஸ் என்னும் பேரறிஞரும், அற்புதங்கண்டு நம்பினோன் உள்ளத்தே, இது மாயவித்தையோ என்னும் ஐயம் எஞ்சும் என்றார்.

அற்றேல், எம் முல்லையாறு சென்று கலக்கும் வையையிலே திருஞானசம்பந்தப்பெருமான் இட்ட ஏடு எதிரேறியது சான்றன்றோ எனின், கூறுதும். அது நாடு உய்யும்பொருட்டு நிகழ்ந்த திருவருட்செயல். அன்பர்க்கு அது பேரின்பம் பயக்கும். அயலார்க்கோ அது நாம் சொல்லக் கேட்குஞ் செய்தியே. ஆகலினன்றே மெய்கண்டதேவர் முதல்வனுண்மையை அற்புதங்கொண்டு சாதியாது, தோற்றமும் ஒடுக்கமுமுடைய உலகிற்கு ஒரு கருத்தா வேண்டுமென்னும் கருதலளவையால் நிறுவியருளினார்.

கடவுளியல்பு கூறுமிடத்து நாம் மைமோனிடிஸோடு வேறுபடுவேம். செயல்பற்றிக் கூறுவன ஒழிய, எக்குணத்தையும் கடவுட்கு உண்டென்னாது, இன்னதன்று இன்னதன்று என விலக்கலே தகுமென்பது அவர் கொள்கை. இறைவனை மனிதன்போலக் கருதி மயங்குவார்க்கு இது நன்மருந்தேயாம். எனினும், விலக்கலொன்றே அமையின் அப்பொருள் முயற்கோடுபோல இன்மையாய் முடியாதோ? சுட்டியறியப்படுவது அசத்து, எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியம், இரண்டுமல்லாத சிவசத்தாகிய முதல்வன் திருவருளானே அறியப்படுவான் என்பது சிவஞானபோதம் ஆறாஞ் சூத்திரத்தின் துணிபு. மைமோனிடிஸும் கடவுளன்பை வலியுறுத்தினாரே. அவ்வன்பு எதனைப் பற்றி நிற்கும் என்னும் வினா அவர்நெறியில் எஞ்சுகின்றது. நம் நெறியில் அதற்கு விடையுண்டு.

இக்காலத்துச் சொற்பொழிவாளர் சிலர் அற்புதங்களையே அடுக்கி, ஐயுற்று வினவும் இளைஞரை நாத்திகரென வாயடைக்கின்றனர். சிவஞானசித்தியார் பரபக்கமோ உலோகாயதனையே முதற்கண் பேசவிடுகின்றது. ஐயத்தைப் பூர்வபக்கமாக நிறுத்தி விடைகூறலே நம் ஆசிரியர் மரபு. நாவலரவர்கள் பிறர்வேதத்தைப் பழுதறக் கற்றே மறுத்தார்கள். அவர்வழி நிற்போரும் அங்ஙனமே கற்றல் கடனாம்.