சொற்பிரிப்பும் சித்தாந்தப் பொருளும்

ஒரு சொல் பல பொருட்கு உரித்தாதலும், ஒரு பொருள் பல சொற்களாற் கூறப்படுதலும் செந்தமிழ்க்கு இயல்பாம். முன்னையதனைப் பலபொருள் ஒருசொல் என்றும், பின்னையதனை ஒருபொருட் பன்மொழி என்றும் இலக்கண நூலார் வழங்குவர். மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டின் 12 தொகுதிகளுள் 11-ஆவதனை ஒருசொற் பல்பொருட் பெயர்க்கே முற்றும் ஒதுக்கினமை இவ்வியல்பின் பரப்பினை அறிவிக்கும். சிலேடை, மடக்கு, திரிபு முதலியன இதனை நிலைக்களனாகக் கொண்டு எழுந்தனவே. இவை கேட்டார்க்கு இன்பம் பயத்தலோடு அமையாது, சைவ நூற்பொருள் காணும் துறையினும் புகுந்து, ஒருகால் விளக்காயும் ஒருகால் மயக்காயும் நிற்றலின், இவற்றின் எல்லை யாதென ஆராய்தல் இன்றியமையாததாயிற்று.

சொல்லை மடக்கியும் திரித்தும் பாடுதல் அறிவின் பயிற்சியேயன்றி அன்பின் வெளிப்பாடு அன்றென ஒரு சாரார் கூறுப. பாம்பினையும் வாழைப்பழத்தினையும் ஒரே செய்யுளில் அமைத்த காளமேகப் புலவரின் திறம் அவையோரை வியப்பித்தற்கே உரியது. நெஞ்சு நெக்குருகும் அடியார்க்கு அத்திறம் எற்றுக்கு என்பது அவர் கடா. புலவர் ஆற்றலைப் புலப்படுத்துதலே கருதி எழுந்த செய்யுட்களைப் பற்றிய அளவில் இது பொருந்துவதே. அதனை எல்லாவற்றிற்கும் ஏற்றுதல் பொருந்தாது. என்னை? ஏழிசையும் தமிழும் வல்ல திருஞானசம்பந்த சுவாமிகளே இத்துறைகட்கெல்லாம் வழிகாட்டியாய் நிற்றலின் என்க.

முதற்றிருமுறையின் 127-ஆம் பதிகமாகிய திருவேகபாதத்தை ஈண்டு நோக்குக. அதன்கண் ஒவ்வொரு பாட்டினும் ஓரடியே நான்கு முறை மடங்கி வரும். எழுத்து வேறுபடாது, சொல்லைப் பிரிக்குமாறும் பொருளுமே வேறுபடும். அப்பதிகம் சீகாழியின் பிரமபுரம் முதலிய 12 திருப்பெயர்களையும் பாட்டிற்கு ஒன்றாகக் கொண்டு நடத்தல் பெரிதும் கருதற்பாலது. ஒரு தலம் 12 பெயரால் விளங்குதல் ஒருபொருட் பன்மொழி. ஓரடி நாற்பொருள் தருதல் அதன் மறுதலை. இவ்விரண்டனையும் ஒரு பதிகத்துள் இணைத்தமையால், ஒன்றாய முதல்வன் பலவாற்றான் உணரப்படுதலும், பலவாற்றான் உணரப்படினும் ஒன்றாயே நிற்றலும் செய்யுளின் வடிவிலேயே புலனாகின்றன. ஈண்டுச் சொல்விளையாட்டு அன்பிற்குப் புறம்பாயது அன்று. அன்பு சென்று பற்றிய பொருளின் இயல்பினையே அது காட்டிற்று. மூன்றாந் திருமுறையின் திருவியமகப் பதிகங்கட்கும் 117-ஆம் பதிகமாகிய திருமாலைமாற்றுக்கும் இஃது ஒக்கும்.

அற்றேல், சொல்லைப் பிரித்துப் பெறப்படும் பொருளெல்லாம் கொள்ளத்தக்கனவோ எனின், அன்று. செய்யுள் செய்வார்க்குரிய உரிமை வேறு, உரை செய்வார்க்குரிய கடப்பாடு வேறு. உரைகாரன் காணும் பிரிப்பு மூன்று கட்டளைகட்கு உட்படல் வேண்டும். சொல் எம்மொழியதோ அம்மொழியின் இலக்கணத்தொடு பிரிப்பு மாறுகொள்ளாமை ஒன்று. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு பொருள் இயைதல் மற்றொன்று. அப்பொருள் அளவையால் வேறிடத்து நிறுவப்பட்டதாதல் மூன்றாவது. சொற்பிரிப்பு நிறுவப்பட்ட பொருளை விளக்கும்; நிறுவப்படாததனை நிறுவமாட்டாது.

மேடைகளில் நிகழும் சில விளக்கங்களை இக்கட்டளைகளால் உரைத்துப் பார்க்க. உயிர்கள்தோறும் பதிந்து நிற்றலால் இறைவன் பதி எனப்பட்டான் என்பது ஒன்று. தலைவன் என்னும் பொருட்டாய பதி வடசொல். காத்தற்பொருளதாகிய பகுதியடியாக அதனை முடிப்பர். பதிதல் என்னும் தமிழ்வினையோடு அதற்கு ஒலியொப்புமை அன்றிப் பிறிதோர் இயைபு இல்லை. இறைவன் உயிர்தோறும் கலந்து நிற்றல் உண்மையன்றோ எனின், உண்மையே. அவ்வுண்மைக்குப் பொய்க்கால் நாட்டுதலே குற்றம். எதிர்வழக்காடுவோன் அக்காலை எளிதின் வீழ்த்தி, உண்மையினையே வீழ்த்தினேன் எனத் தருக்குவன். கேட்பாரும் அதனை நம்புவர்.

அரன் என்பதே அரண் என்பது பிறிதொன்று. முன்னையது நீக்குபவன் எனப் பொருள்படும் வடசொல். பின்னையது காவலை உணர்த்தும் தமிழ்ச்சொல். இரண்டனையும் ஒரு புலவன் அருகருகே வைத்து இன்பம் விளைப்பின் அஃது அணியாம். இரண்டும் ஒரு சொல்லே என உரைகாரன் சாதிப்பின் அது வழுவாம்.

இவ்விரண்டினும் கேடு மிக்கது பாசம் என்பதன்கண் நிகழ்வது. உலக வழக்கில் பாசம் என்பது தாய் மகவின்மாட்டு வைத்தாற்போலும் அன்பினை உணர்த்தும். இதனைப் பற்றிக்கொண்டு, பசு பாசத்தாற் பதியை அடையும் எனச் சிலர் இனிமையாகப் பேசுப. சித்தாந்த நூல்களிற் பாசமாவது கயிறு; ஆணவம், கன்மம், மாயை எனப்பட்டு உயிரைப் பிணிப்பது. பாசத்தாற் பிணிப்புண்டமை பற்றியே உயிர் பசு எனப்பட்டது. பிணிக்கும் பற்று என்னுமளவில் உலக வழக்கும் அக்கயிற்றினின்றே கிளைத்தது எனலாம். ஆயின் உலக வழக்கினின்று நூல்வழக்கிற்கு மீளுங்கால், நீக்கற்பாலதே சாதனமாய் முடிகின்றது. ஒரு சொல்லின் மயக்கம் முப்பொருளியலையே தலைகீழாக்கியவாறு காண்க.

உருத்திரன் என்பதற்குத் துன்பத்தை ஓட்டுபவன் என முன்னோரே சொற்பிரித்துப் பொருள் கூறினரால் எனின், கூறினர். அஃது அம்மொழியின் பகுதிகளைக் கொண்டே கூறப்பட்டது. வேறிடத்துத் துணியப்பட்ட இறையிலக்கணத்தைப் பெயரின்கண் நினைவூட்டுவது. ஆதலின் கட்டளைகட்கு மாறாகாமை அறிக.

திருநீற்றின் பெயர்களும் இந்நெறிக்குச் சான்றாம். செல்வந் தருதலின் விபூதி, ஒளிர்தலின் பசிதம், பாவத்தை உண்டொழித்தலின் பற்பம், இடரை நீக்குதலின் சாரம், காத்தலின் இரட்சை எனப் பெயர்தோறும் காரணம் வேறுபடுகின்றது. இவற்றை வாளா ஒருபொருட் பன்மொழி என விடுப்போர் பொருளின் நிறைவினை இழப்பர்.

சொல்லாராய்ச்சி சித்தாந்தத்திற்குச் செய்த பேருதவிக்கு அத்துவிதம் என்னும் சொல்லே தலையாய சான்று. அதன் முதனின்ற எதிர்மறை இன்மை, மறுதலை, அன்மை என மூவகைப் பொருள்படும். ஏகான்மவாதியார் இன்மைப்பொருள் கொண்டு இரண்டு என்பது இல்லை என்றனர். மெய்கண்டார் தம் வார்த்திகத்தில் அத்துவிதம் என்னும் சொல்தானே வேறன்மையை உணர்த்தும் என்றருளினார். 1785-இல் இறைவனடி எய்திய மாதவச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்துள் இதனை விரித்துரைத்தனர். அவர்தம் துணிவு ஒலியொப்புமையைப் பற்றியது அன்று. எதிர்மறையின் பொருள் வழக்கினை இலக்கணத்தால் தெரிந்து, ஒன்று என்பாரும் ஒன்றெனக் கருதும் வேறொருவரை உடன்படவேண்டுதலைக் காட்டி, உயிருண்மையைத் தனியே நிறுவிய பின்னரே அச்சொற்குப் பொருள் துணிந்தனர். மூன்று கட்டளைகளும் ஆண்டு நிரம்பி நின்றன.

எனவே சொல்லோடு ஆடுதல் தள்ளற்பாலது அன்று. ஆட்டத்தினைத் துணிபு எனக் கொள்ளுதலே தள்ளற்பாலது. பாடுவார் மடக்குக, கேட்பார் மகிழ்க. பொருளுரைக்கப் புகுவார் மட்டும், தம் நாவில் எழுந்த இனிய பிரிப்பினைச் சபையில் விடுக்குமுன், இச்சொற்பிரிப்புப் பொய்யாயின் இப்பொருள் நிற்குமோ எனத் தம்மையே ஒருமுறை வினாவிக்கொள்க. நிற்கும் எனின் அது விளக்கு. நில்லாதெனின் அப்பொருள் சொல்லினின்று எடுக்கப்பட்டதன்று, சொல்லிற் புகுத்தப்பட்டது.

சிவம்.