வெட்ஜில் இரண்டாவது எண்ணையும் பாருங்கள்

56.14 என்று ஒரு கோல்ஃப் வெட்ஜில் பொறித்திருந்தால் முதல் எண் முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட். புள்ளிக்குப் பின்னால் இருப்பது பவுன்ஸ். கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கி வந்துவிடுகிறார்கள். பந்து எவ்வளவு உயரம் எழும், எவ்வளவு தூரம் போகும் என்பதை லாஃப்ட் சொல்லும். ஆனால் வெட்ஜின் தலை தரையைத் தொட்ட கணத்தில் உள்ளே இறங்குமா, மேலாக வழுக்கிப் போகுமா என்பதைப் பவுன்ஸ்தான் தீர்மானிக்கிறது. கிரீனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகு நம்மில் பலர் வீணாக்கும் அடிகள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்காததால் வருபவை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரே லாஃப்ட்டில் வெவ்வேறு பவுன்ஸ் உள்ள வெட்ஜுகளை எடுத்துக்கொண்டேன். டைட்டிலிஸ்ட்டின் வோக்கி எஸ்எம்10 வரிசையில் 56 டிகிரி மட்டுமே நான்கு விதமாக வருகிறது: 56.08 எம், 56.10 எஸ், 56.12 டி, 56.14 எஃப். கடைசியில் உள்ள எழுத்து கிரைண்ட், அதாவது அடிப்பாகத்தை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்பதன் அடையாளம். இவற்றில் 8, 10, 14 மூன்றையும் சென்னையின் வெயில் காலத்துக் கட்டாந்தரையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஈரத் தரையிலும் அடித்துப் பார்த்தேன். ஒப்பிடுவதற்காக, அடிப்பாகம் நன்கு அகன்ற கிளீவ்லண்ட் சிபிஎக்ஸ்4 வெட்ஜையும் பையில் வைத்திருந்தேன்.

முதலில் பவுன்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஷாஃப்ட்டைச் செங்குத்தாகப் பிடித்துத் தலையைத் தரையில் வையுங்கள். முன்விளிம்பு தரையைத் தொடாமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் உள்ள வயிறுதான் தரையில் படும். முன்விளிம்பிலிருந்து அந்த வயிறு வரை இறங்கும் சாய்வின் கோணமே பவுன்ஸ். பொதுவாக 4 முதல் 6 டிகிரி வரை குறைந்த பவுன்ஸ் என்பார்கள். 7 முதல் 10 வரை நடுத்தரம். அதற்கு மேல் அதிகம். மண்வெட்டியின் வாயைக் கீழே குத்தினால் மண்ணுக்குள் இறங்குகிறது, அதே மண்வெட்டியின் முதுகைத் தரையில் வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. வெட்ஜில் வாய் முன்விளிம்பு, முதுகு பவுன்ஸ்.

இந்த முதுகு கோல்ஃபின் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1930களின் தொடக்கம் வரை மணல் பங்கரிலிருந்து பந்தை எடுக்க நிப்ளிக் என்ற மெல்லிய அடி கொண்ட கோலையே நம்பியிருந்தார்கள். அது மணலுக்குள் புதைந்துபோகும். முகம் குழிவான ஒரு வெட்ஜ் வந்தது. 1931ல் அதற்குத் தடை விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் அமெரிக்க வீரர் ஜீன் சாரசென் தன் நிப்ளிக்கின் அடியில் ஈயத்தை உருக்கி வைத்து, பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி அராவி எடுத்தார். விமானம் மேலெழும்போது அதன் வால் கீழிறங்குவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது. 1932ல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் அவர் ஓபன் பட்டத்தை வென்றபோது அந்த வெட்ஜ் அவரிடம் இருந்தது. இன்று நாம் வாங்கும் எல்லா சாண்ட் வெட்ஜுகளுக்கும் அதுதான் மூலம். பவுன்ஸ் பிறந்ததே தடுமாறும் அடியைக் காப்பாற்றத்தான். பின்னாளில் அதைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டது நாம்.

கடைக்காரர்கள் சொல்லாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வெட்ஜில் பொறித்த பவுன்ஸ், ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும்போது மட்டுமே உண்மை. கைகளை இலக்கை நோக்கி முன்னே தள்ளி ஷாஃப்ட்டைச் சாய்த்தால், சாய்ந்த ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி பவுன்ஸும் ஒரு டிகிரி லாஃப்ட்டும் போய்விடும். 56.10 வெட்ஜை எடுத்து, பந்தைப் பின்காலுக்கு நேரே வைத்து, பத்து டிகிரி சாய்த்து அடிப்பவர் கையில் இருப்பது 46 டிகிரி லாஃப்ட், பூஜ்ஜியம் பவுன்ஸ். முன்விளிம்பு நேராக மண்ணுக்குள் போகும். முகத்தைத் திறந்தால் கதை தலைகீழ்: லாஃப்ட்டும் கூடும், பவுன்ஸும் கூடும், முன்விளிம்பு தரையிலிருந்து இன்னும் எழுந்து நிற்கும்.

சிப் அடிக்கக் கற்றுத்தரும்போது "கையை முன்னாடி வை, பந்தைப் பின்னாடி வை" என்று சொல்வது நம் பயிற்சித் திடல்களில் வழக்கம். ஆரம்பத்தில் அது உதவும். ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவர் 8 பவுன்ஸ் வெட்ஜை வாங்கினால், உண்மையில் பவுன்ஸே இல்லாத கத்தியைக் கையில் பிடிக்கிறார். பந்துக்கு அரை அங்குலம் பின்னால் பட்டாலும் தலை மண்ணில் சிக்கி நின்றுவிடும். பந்து நாலடி நகரும். அடுத்த முறை பயத்தில் பந்தின் இடுப்பிலேயே அடிப்பார். பந்து கிரீனைத் தாண்டி ஓடும். ஆகவே என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வார இறுதியில் ஆடும் நம்மில் பலருக்குத் தேவையானது இப்போது கையில் இருப்பதைவிட அதிகப் பவுன்ஸ்.

சோதனையில் இது தெளிவாகவே தெரிந்தது. மழைக்குப் பிறகு ஃபேர்வே பஞ்சாக இருக்கும்போது 56.08 எம் வெட்ஜால் செங்குத்தாக இறங்கி ஒரு பிட்ச் அடித்தால் தடிமனான டிவட் கிளம்பியது, பந்து பாதித் தூரத்தில் விழுந்தது. அதே ஸ்விங்கில் 56.14 எஃப் மேலாக வழுக்கிச் சென்றது. சற்றுப் பின்னால் பட்ட அடிகூட கிரீனின் ஓரத்தையாவது எட்டியது. மணல் ஆழமாகவும் உதிரியாகவும் உள்ள பங்கரில் வித்தியாசம் இன்னும் பெரிது. 14ஐ எடுத்தால் முகத்தைக் கொஞ்சம் திறந்து, பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலத்தில் மணலை அடித்தால் போதும். பந்து மணலோடு மிதந்து வந்தது. 8ஐ எடுத்தால் முகத்தை நன்றாகத் திறந்து, கோணத்தைத் தாழ்த்தி, கைகளைப் பின்னால் நிறுத்தி அடிக்க வேண்டியிருந்தது. தேர்ந்தவருக்கு அது சுலபம். மற்றவருக்கு அல்ல.

வெயில் காலத்துக் கட்டாந்தரையில் நிலைமை மாறியது. பலர் நினைப்பதுபோல 14 பவுன்ஸ் அங்கே பயனற்றதல்ல. முகத்தை நேராக வைத்து, கைகளைச் சற்று முன்னே விட்டு அடிக்கும் சாதாரண சிப்புக்கு அது நன்றாகவே வேலை செய்தது. முகத்தைத் திறந்து உயரமாகத் தூக்க முயன்றபோதுதான் முதுகு தரையில் மோதி எழும்பி, முன்விளிம்பு பந்தின் நடுவில் பட்டது. மழையில் நனைந்து இறுகிக் கிடந்த பங்கர் மணலிலும் அதே கதி. இந்த இரண்டு இடத்திலும் 56.08 எம் அழகாக ஆடியது. குதிகால், நுனி, பின்விளிம்பு மூன்றையும் பிறை வடிவில் சீவியிருப்பதால், முகத்தைத் திறந்தாலும் முன்விளிம்பு தரையோடு ஒட்டியே நிற்கிறது. எஃப் கிரைண்டில் இந்தச் சீவல் கிடையாது. அது முழு அடிப்பாகம், முகத்தை நேராக வைத்து அடிப்பவருக்கானது.

56.10 எஸ் இந்த இரண்டுக்கும் நடுவில். எந்தத் தரையிலும் முதல் இடம் அதற்கு இல்லை. எந்தத் தரையிலும் கைவிடவும் இல்லை. பின்விளிம்பை மட்டும் லேசாகச் சீவியிருக்கிறார்கள். ஒரே ஒரு சாண்ட் வெட்ஜ்தான் வாங்கப்போகிறேன், வருடம் முழுக்க எல்லா மைதானத்திலும் ஆடவேண்டும் என்பவருக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அடிப்பாகம் அகலமானால், பொறித்த எண் குறைவாக இருந்தாலும் அதிகப் பவுன்ஸ் போலவே நடந்துகொள்ளும். சிபிஎக்ஸ்4 அதற்கு நல்ல உதாரணம். பின்பக்கம் குழிவாக்கிய தலை, அகன்ற அடி. தட்டையான பின்பகுதி கொண்ட பிளேட் வெட்ஜோடு ஒப்பிட்டால் நடுவில் படாத அடிக்கும் தூரம் குறைவாகவே நஷ்டமாகிறது. குழிவான அயர்ன் செட் வைத்திருப்பவருக்கு, 9 அயர்னிலிருந்து வெட்ஜுக்கு மாறும்போது கையில் அந்நியம் தெரியாது. ஒரு ரவுண்டில் 100 அடிகளுக்குக் கீழே வரப் போராடுகிற ஆட்டக்காரர்களுக்கு இந்த வகை வெட்ஜை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். எந்த அகன்ற அடிக்கும் உள்ள எல்லை இதற்கும் உண்டு: மொட்டைத் தரையில் முகத்தைத் திறந்து விளையாடும் வித்தைகளுக்கு இடம் குறைவு.

புல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பரவலாக இருக்கும் பெர்முடா புல், பிள்ளையாருக்கு வைக்கும் நம் அருகம்புல்லின் இனம்தான். தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரு திசையில் சாய்ந்து வளரும். அந்தச் சாய்வுக்கு எதிராகச் சிப் அடிக்கும்போது முன்விளிம்பை அந்தத் தண்டுகள் பிடித்துக்கொள்ளும். குளிர் நாட்டு மைதானத்தில் படமெடுத்த விமர்சனத்தைப் பார்த்து 4 பவுன்ஸ் லாப் வெட்ஜ் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தப் புல்லில் எனக்கு 10க்குக் கீழே போக மனம் வரவில்லை.

உங்கள் ஸ்விங் எந்த வகை என்று அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் டிவட்டைக் குனிந்து பாருங்கள். ஆழமாக, பள்ளமாக வெட்டினால் நீங்கள் செங்குத்தாக இறங்குபவர், அதிகப் பவுன்ஸ். புல்லின் தலையை மட்டும் சீவினால் தாழ்வாக வருடிச் செல்பவர். நடுத்தரமோ குறைந்ததோ போதும். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், வெட்ஜின் அடிப்பாகத்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் குறுக்கே கோடுகள் போட்டுப் புல்லிலிருந்து சில பந்துகளை அடியுங்கள். மை முன்விளிம்புப் பக்கம் அழிந்திருந்தால் பவுன்ஸை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. நடுவிலோ பின்னாலோ அழிந்திருந்தால் முதுகு வேலை செய்கிறது. கேடியிடமும் கேளுங்கள். உங்கள் பின்னால் நடந்து, நீங்கள் வெட்டிய பள்ளங்களை மூடுகிறவர் அவர். "சார், நீங்க மண்ணு நிறைய எடுக்கறீங்க" என்று அவர் சொன்னால் அதைவிட நம்பகமான அளவீடு கிடையாது.

பாயில் அடித்துப் பார்த்து மட்டும் வெட்ஜ் வாங்காதீர்கள். செயற்கைப் புல் பாயின் மேல், பந்துக்குப் பின்னால் விழும் தவறான அடியும் வழுக்கிப் போய்ப் பந்தைச் சரியாகவே எடுத்துவிடும். திரையில் எண்கள் அருமையாக வரும். எந்தப் பவுன்ஸும் நல்ல பவுன்ஸாகத் தெரியும். லாஃப்ட்டையும் ஷாஃப்ட்டையும் தேர்ந்தெடுக்கப் பாய் உதவும். பவுன்ஸைத் தேர்ந்தெடுக்க உதவாது.

லாஃப்ட் இடைவெளி பற்றிச் சுருக்கமாக. இன்றைய அயர்ன் செட்களில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு வந்துவிட்டது; சிலவற்றில் இன்னும் குறைவு. அதை அறியாமல் அடுத்து 56 வாங்கினால் நடுவில் பெரிய ஓட்டை விழும். 4 முதல் 6 டிகிரி இடைவெளி வையுங்கள். பையில் 14 கோல்களுக்கு மேல் விதி அனுமதிக்காது என்பதால் மூன்று வெட்ஜுகள் போதும் என்பதே என் கணக்கு. அப்படி வாங்கும்போது சாண்ட் வெட்ஜுக்கும் லாப் வெட்ஜுக்கும் ஒரே பவுன்ஸ் வேண்டாம். ஒன்று மெத்தென்ற தரைக்கு, மற்றது கெட்டித் தரைக்கு என்று பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு வகைத் தரை வந்தாலும் சமாளிக்கலாம். பங்கரில் அடிக்குமுன் கோலால் மணலைச் சோதிப்பதை விதி தடுக்கிறது. ஆனால் நிற்பதற்குப் பாதத்தைப் புதைக்கும்போது மணலின் ஆழம் காலுக்குத் தெரிந்துவிடும். எந்த வெட்ஜ் என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

"பெரிய வீரர்கள் எல்லாம் குறைந்த பவுன்ஸ்தானே வைத்திருக்கிறார்கள்" என்ற வாதம் அடிக்கடி வரும். டைகர் வுட்ஸின் பெயரில் டெய்லர்மேட் விற்ற 60 டிகிரி வெட்ஜின் பவுன்ஸ் 11. குதிகாலை நன்றாகச் சீவி, முகத்தைத் திறக்க வழிசெய்து, பவுன்ஸை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்.

இனி தீர்ப்பு. செங்குத்தாக இறங்குபவர், பங்கரைக் கண்டு பயப்படுபவர், மழைக்கால மைதானத்தில் அதிகம் ஆடுபவர்: 56.14 எஃப். அனுபவமும் மென்மையான கையும் உள்ளவர், முகத்தைத் திறந்தும் மூடியும் விளையாட விரும்புபவர்: 56.08 எம். எது என்று முடிவு செய்ய முடியாதவர்: 56.10 எஸ். 100க்குக் கீழே வரப் போராடுபவர்: சிபிஎக்ஸ்4 போன்ற அகன்ற அடி. எதை வாங்கினாலும், பணம் கட்டுமுன் டெமோ வெட்ஜைக் கேட்டு வாங்கி, நீங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தின் புல்லிலும் பங்கரிலும் அடித்துப் பாருங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.