பெருநாளில் மட்டும் வருகிற பிள்ளை: எங்கட சிறுவர் இலக்கியம் பற்றி

'நானும் இந்த இடத்துக்குரியவன்' என்ற உணர்வு ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது? நாட்டுப்பற்றுப் பாடத்திலிருந்து வருகிறது என்று பாடநூல் எழுதுவோர் எண்ணுகிறார்கள். முன்னோர் பெருமையிலிருந்து வருகிறது என்று எங்கட பெரியவர்கள் எண்ணுகிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களுமே எங்கட சிறுவர் இலக்கியத்தை வளரவிடாமல் வைத்திருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

சிறுவர் நூல்களில் முஸ்லிம் பிள்ளை பெரும்பாலும் இரண்டு கோலங்களில்தான் வருகிறது. முதலாவது, பெருநாள் பிள்ளை. நான்கு பிள்ளைகள் கைகோத்து நிற்கும் படத்தில் தொப்பி போட்டவன் அவன். பெருநாளன்று அயல் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுப்பான். பிறகு கதையிலிருந்து மறைந்துவிடுவான். இரண்டு பெருநாளும் போக மிச்சம் 363 நாளும் அவன் எங்கே போனான்? பட்டம் விடமாட்டானா, மழையில் நனையமாட்டானா, கணக்குப் பிழைத்து அழமாட்டானா? அவனுக்குப் புத்தகத்தில் இருப்பது ஒரு விருந்தாளியின் இடம்தான்.

இரண்டாவது, புத்திமதிப் பிள்ளை. இவன் எங்கட சமூகத்தார் எழுதும் நூல்களில் வருபவன். முதற் பக்கத்தில் பொய் சொல்வான், கடைசிப் பக்கத்தில் திருந்துவான். இடையில் வரும் காட்சிகள் பேரீச்ச மரமும் மணலும் ஒட்டகமும். நபிமார் வரலாறும் ஸஹாபாக்கள் கதையும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் வாசிக்கிற கதையெல்லாம் வேறு மண்ணில்தான் நடக்கிறது என்றால், தன்ட ஒழுங்கையும் களப்பும் கதைக்கு உதவாத இடங்கள் என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1885இல் வெளிவந்த சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. அதன் நாயகன் எகிப்தில் பிறந்து, பெற்றோரைப் பிரிந்து, இந்தியாவில் வளர்ந்து, கடைசியில் தன் வேரைக் கண்டடைகிறான். தான் யாருடைய பிள்ளை என்று அறிவதே அங்கு விடுதலை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிக் கட்டுரை படித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். எங்கட மூதாதையர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதே அந்த விவாதத்தின் மையம். அரசியலில் அந்த மறுப்பு தேவைப்பட்டது. ஆனால் அன்றிலிருந்து 'உரியவர்' என்பதை வம்சத்தால் நிறுவுவதே எங்கட வழக்கமாயிற்று. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பிள்ளைகள் மேலும் சந்தேகப் பார்வை விழுந்தபோது, நாங்கள் அவர்கள் கையில் கொடுத்ததும் அதே பதில்தான்: 'ஆயிரம் வருசமா நாங்க இங்க இருக்கிறம்.'

தரம் நான்கில் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பதில் என்ன செய்யும்? அது கேட்பது 'என்ட மூதாதை எங்கிருந்து வந்தார்' என்றல்ல, 'இந்த வாங்கில எனக்குப் பக்கத்தில ஆர் இருப்பாங்க' என்று. ஆயிரம் வருசத்தால் அந்த வாங்கு நிறையாது.

சரியான பதில் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் எங்கட மொழியிலேயே இருக்கிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாடல் அது. சைவப் பிள்ளைகளின் கொண்டாட்டத்தைப் பாடுவது. அதைத் தமிழ்மொழி மூலம் படித்த முஸ்லிம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாய்நிறையப் பாடியிருக்கிறார்கள். காரணம் என்ன? அந்தப் பாடல் யாருடைய பெருமையையும் பேசவில்லை. 'இது எங்கள் பண்பாடு' என்று எங்கும் அறிவிக்கவில்லை. நாளைக்கு லீவு என்ற சந்தோஷத்தில் தொடங்கி, தோழர்களைக் கூப்பிட்டு, கூழும் கொழுக்கட்டையும் எப்படி ஆக்குவது என்று சொல்லிக்கொண்டு போகிறது. பயறு, தேங்காய், சர்க்கரை எல்லாம் வரிசையாக வருகின்றன. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி மடித்துக் கோலிக்கொண்டு வர, தாய் அகப்பையால் வார்க்கிறாள். வாசிக்கிற பிள்ளைக்கு அங்கு ஒரு வேலை இருக்கிறது, இலை பொறுக்குகிற வேலை. வேலை கிடைத்த பிள்ளை விருந்தாளியாக நிற்பதில்லை.

எங்கட பக்கத்தில் இதற்கு ஈடான காட்சி இல்லாமலில்லை. நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு எந்தப் பள்ளிவாசலடிக்கும் போய்ப் பாருங்கள். பெரிய சட்டியில் கஞ்சி. வாளியோடும் தூக்குச்சட்டியோடும் பிள்ளைகள் வரிசையில். இடித்துக்கொண்டு முன்னுக்குப் போகிறவன், வழியில் பாதியை ஊற்றிக்கொள்கிறவன், 'உம்மும்மாக்கும் சேத்து ஊத்துங்க' என்று கேட்கிறவள். பாட்டு அங்கே ஆயத்தமாக நிற்கிறது. ஆனால் நோன்பைப் பற்றிய சிறுவர் பாடல்களில் அதிகம் கிடைப்பது நோன்பின் சிறப்பும் அதன் நன்மைகளும்தான். கருத்து சரி, ஆனால் பிள்ளைக்கு வாளி கொடுக்கவில்லை.

மொழியிலும் இதே குறைதான். 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், வாயால் 'வாப்பா, ராத்தா, சாச்சா' என்று சொன்ன பிள்ளை கொப்பியில் 'தந்தை, அக்கா, சித்தப்பா' என்று எழுதுகிறது. எழுத்தில் அப்படித்தான் வரவேண்டும் என்று புத்தகங்கள் அதற்குச் சொல்லிவிட்டன. அந்தக் கட்டுரையில் இருப்பது அதன் குடும்பமல்ல, யாருடையதுமல்ல. பெரியவர்களுக்கான சிறுகதைகளில் எங்கட பேச்சு எப்போதோ இடம்பிடித்துவிட்டது. சிறுவர் நூலாசிரியர்கள்தான் இன்னும் பயப்படுகிறார்கள். வாப்பாவும் தமிழ்ச் சொல்தான் என்று அச்சில் கண்ட பிள்ளைக்கு இலக்கணமும் அந்நியமாகத் தெரியாது.

இந்தக் குறை மிகவும் நோகிற இடம் புத்தளம். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்தத் துயரைப் பெரியவர்கள் கவிதையாகவும் நினைவுக் குறிப்பாகவும் எழுதியிருக்கிறார்கள், அவை வேண்டியவை. ஆனால் புத்தளத்தில் பிறந்து, கண்டிராத ஊரைத் தன்ட ஊர் என்று சொல்லப் பழகிய பிள்ளைக்கு, அந்த எழுத்தில் இழப்பு மட்டுமே பங்காகக் கிடைத்தது. அயலார் வாயில் 'அகதி', வீட்டு வாயில் 'இது எங்கட ஊரில்ல'. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கதை வேண்டியிருந்தது.

கதைக்குப் பொருள் இல்லையா? எருக்கலம்பிட்டி மக்கள் புத்தளம் நாகவில்லுவுக்குத் தங்கள் ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுவந்தார்கள். மன்னார்த் தெருவில் கட்டாக்காலியாகத் திரிகிற கழுதை புத்தளத்திலும் கற்பிட்டியிலும் திரிகிறது. உம்மும்மா துரத்திய கழுதையையும் பேரன் துரத்துகிற கழுதையையும் ஒரே கதையில் வைத்தால் போதும். இரண்டு ஊரும் அந்தப் பிள்ளைக்கு உரியதாகிவிடும், ஒன்றை மறந்துதான் மற்றதில் இருக்கவேண்டும் என்றில்லை. அந்தக் கழுதைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சேர்ந்து ஓடினால் ஒற்றுமைப் பாடம் தனியாக எழுதத் தேவையில்லை.

வரலாற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. அது தரம் பத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கட்டும். அதற்கு முந்திய வயதுக்கு எழுதுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பெருநாளைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். அதில் பிள்ளைக்கு ஒரு பெயர், ஒரு ஒழுங்கை, செய்வதற்கு ஒரு வேலை, கூட ஓட ஒரு கூட்டாளி கொடுங்கள்.