உகரம் ஒட்டாத ஓதல்

குர்ஆனின் 112ஆவது அத்தியாயமான சூரத்துல் இக்லாஸ் நான்கே வசனம். மதரஸா பிள்ளைகள் முதலில் மனனம் செய்பவற்றில் ஒன்று. நான்கு வசனங்களும் ‘தால்’ என்ற எழுத்தில் முடியும். நிறுத்தி ஓதும்போது அந்தத் தால் உயிர்க்குறி இல்லாமல் நிற்க வேண்டும். ஆனால் அமுங்கிப் போய்விடக் கூடாது. நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட்டு, பட்டென்று விடுபட்டு, ஒரு சிறு அதிர்வு எழ வேண்டும். இதற்குக் கல்கலா என்று பெயர். கனத்த காஃப், கனத்த தா, பா, ஜீம், தால் என்ற ஐந்து எழுத்துகளுக்கு மட்டும் உள்ள குணம் இது.

தமிழ் நாக்குக்கு இங்கேதான் சோதனை. வல்லின மெய்யில் சொல்லை முடித்து நமக்குப் பழக்கமில்லை. கூப்பிடாமலே ஒரு குற்றியலுகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் வசனத்தை முடிக்கும் அஹத், ‘அஹது’ ஆகிவிடும்; இரண்டாவதை முடிக்கும் ஸமத், ‘சமது’ ஆகிவிடும். கடைத்தெருவில் சமது பாய் சமது பாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஓதலில் அவர் ‘ஸமத்’ ஆக வேண்டும். உகரமும் வராமல், எழுத்தும் சாகாமல், இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்த உஸ்தாத் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப ஓத வைப்பார். பிடிபட்டுவிட்ட பிள்ளையின் தாலைக் கேட்க அவ்வளவு சுகம். அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்லின் பொருளும் தெரிந்திருக்காது.

பொருள் தெரியாமல் ஓதி என்ன பயன் என்ற கேள்வி பழையது. உலக முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் அரபு பேசாதவர்கள். தமிழாக்கங்கள் வீடுதோறும் அலமாரியில் இருக்கின்றன, வேண்டியவர்கள் படித்துக்கொள்கிறார்கள். என் அக்கறை வேறு. பொருள் கைக்கு எட்டாதபோது கவனம் முழுவதும் எழுத்திலும் மூச்சிலும் நிறுத்தத்திலும் போய்க் குவிகிறது. அந்தக் குவிதலில் ஒரு கலை இருக்கிறது.

தஜ்வீத் இலக்கணம் அந்தக் கலையின் சாஸ்திரம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் போலவே அதுவும் மிடறு, நா, இதழ், மூக்கு என்று ஒலியின் பிறப்பிடம் தேடிப் போகிறது. 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரி அப்படிப் பதினேழு இடங்களைக் கணக்கிட்டார். புகழ்பெற்ற ஏழு ஓதல் முறைகளின் இமாம்களில் ஐவர் அரபு வம்சாவளியினர் அல்லர் என்று மரபு சொல்கிறது. அவர்கள் மொழி கற்ற அறிஞர்கள்தாம். ஆனாலும் பிறமொழி மரபில் வந்தவர்களின் நாக்கு இந்தக் கலைக்குப் புதிதல்ல.

கடினமான எழுத்து எது என்று கேட்டால் நான் ‘ழாத்’தைச் சொல்வேன். நாவின் பக்கவாட்டு விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களில் அழுந்திப் பிறப்பது. ரமழான் என்று எழுதும்போது நாம் அதற்கு நம் ழகரத்தைக் கொடுத்தோம். ஒலி அதுவல்ல என்றாலும், அரிய எழுத்துக்கு அரிய எழுத்து. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் கடைசிச் சொல் இந்த எழுத்தில் தொடங்கி, ஆறு மாத்திரை நீண்டு, இரட்டை லாமில் மோதும். கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 17 தடவை இது வருகிறது. எகிப்தின் ஷைக் ஹுஸரி ஓதிக் கேட்க வேண்டும்: ஆறு என்றால் ஆறு, அரை கூடாது, அரை குறையாது. இன்னொரு ஓதுநரான அப்துல் பாசித்தின் நீள்மூச்சை நானும் வியந்தவன்தான். அவரைப் பார்த்துப் போட்டி மேடைகளில் மூச்சடக்கிக் காட்டுகிற பையன்களைத்தான் தாங்க முடிவதில்லை. அதைவிடக் கொடுமை, ‘யஃலமூன், தஃலமூன்’ என்ற வால் மட்டும் காதில் விழும் விரைவு ரயில் தராவீஹ், அதாவது ரமழான் இரவுத் தொழுகை.

பொருள் தெரியாதவர் எங்கே நிறுத்துவார்? தெரிந்தவர்கள் வரிக்கு மேலே பொடி எழுத்தில் குறி வைத்துப் போயிருக்கிறார்கள். சிறிய மீம் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். லாம்-அலிஃப் என்றால் நிறுத்தாதே. முப்புள்ளி இரண்டு இடத்தில் இருந்தால், ஓரிடத்தில் நிறுத்தினால் மற்றதில் நிறுத்தக் கூடாது. ஓதுபவருக்குப் பொருள் தெரியாவிட்டாலும் அவருடைய மூச்சு அந்தப் பொருளை மதித்தே நடக்கிறது.

பொருள் தெரியாமல் ஓதுவதில் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கம் தனி ரகம். காஃப், ஹா, யா, ஐன், ஸாத் என்று ஐந்து எழுத்துப் பெயர்கள், அவ்வளவுதான். இப்படித் தனி எழுத்துகளோடு தொடங்கும் அத்தியாயங்கள் 29. இவற்றின் பொருள் இறைவனுக்கே தெரியும் என்று விரிவுரையாளர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் அளவு துல்லியம்: காஃபுக்கு ஆறு மாத்திரை, ஹாவுக்கும் யாவுக்கும் இரண்டிரண்டு, ஐனுக்கு நான்கோ ஆறோ, ஸாத்துக்கு ஆறு. கெய்ரோக்காரரும் கீழக்கரைக்காரரும் இங்கே ஒரே வரிசை.

முழுக் குர்ஆனையும் நெஞ்சில் ஏந்திய ஹாபிழுக்கு உண்மையான ஆபத்து, ஒன்றுபோல் ஒன்று வரும் வசனங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 62ஆம் வசனமும் ஐந்தாம் அத்தியாயத்தின் 69ஆம் வசனமும் அப்படிப்பட்டவை. முன்னதில் நஸாரா முன்னே, ‘ஸாபிஈன’ பின்னே. பின்னதில் ‘ஸாபிஊன’ முன்னே, நஸாரா பின்னே. கவனம் பிசகினால் ஓர் அத்தியாயத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடலாம். பின்னால் நிற்கும் இன்னொரு ஹாபிழ் எடுத்துக் கொடுத்துத் திருப்புவார். வேடிக்கை என்னவென்றால், ஐந்தாம் அத்தியாயத்திலும் சாதாரண இலக்கணம் எதிர்பார்ப்பது ‘ஈன’தான். அங்கே ‘ஊன’ ஏன் வந்தது என்று அரபு இலக்கணிகள் நூற்றாண்டுகளாக விளக்கம் எழுதிவருகிறார்கள். இலக்கணம் படித்தவரின் நாக்கு ‘ஈன’ பக்கம் சாயப் பார்க்கும். படிக்காத ஹாபிழ் உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டபடியே ‘ஊன’ என்று ஓதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.