சைதாவின் பேழை, இஸ்கந்தரின் பெயர்

பண்டைய கிரேக்கக் கலையைக் காண விழைவோர் பெரும்பாலும் ஏதென்ஸையோ இலண்டனையோ நாடுவர். ஆனால் அக்கலையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்று, உஸ்மானியரின் தலைநகராக விளங்கிய இஸ்தான்புல்லில், தோப்காப்பி அரண்மனையை அடுத்துள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அங்கே இரு கட்டடங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒன்று, 1472இல் சுல்தான் முஹம்மது அல்-ஃபாத்திஹ் எழுப்பிய, வண்ண ஓடுகள் பதித்த சிறு மாளிகை. மற்றொன்று, 1891இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். தூண்களும் முக்கோண முகடும் கொண்டு கிரேக்கக் கோயிலின் சாயலில் அமைந்தது. ஆயினும் அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டிருப்பவை அரபு எழுத்தில் ‘தொல்பொருட்காட்சிச் சாலை’ எனப் பொருள்படும் பெயரும், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் துக்ராவுமே ஆகும்.

இக்காட்சி எழுப்பும் வினா எளியதன்று. கிரேக்கம் முஸ்லிம் உலகுக்குப் புதியதன்று. அரஸ்தூவும் ஜாலீனூஸும் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற மொழிபெயர்ப்பாளர்களின் வழியே ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அரபு பேசினர். ஆனால் அன்று பெற்றுக்கொள்ளப்பட்டது கிரேக்கரின் நூலே, கல் அன்று. கல்லைப் பேணும் பொறுப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றவர் ஓவியரும் அறிஞருமான உஸ்மான் ஹம்தி பே (1842–1910). 1881இல் அருங்காட்சியகத்தின் தலைமையை ஏற்றபோது அவர்முன் இருந்தது 1874ஆம் ஆண்டுச் சட்டம். அகழ்ந்தெடுத்த பொருளில் மூன்றில் ஒரு பங்கு அகழ்ந்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்கு உரியவருக்கு, ஒரு பங்கு அரசுக்கு என்பது அதன் சாரம். 1878இல் பெர்கமோனில் தொடங்கிய அகழாய்வின் சிற்பங்கள் பெர்லினுக்குச் சென்றது இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான். 1884இல் வந்த புதிய சட்டம் தொல்பொருள்கள் யாவும் அரசுக்கே உரியன என்றது. அவற்றை அயல்நாட்டுக்குக் கொண்டு செல்வதையும் தடுத்தது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1887இல், இன்றைய லெபனானின் சைதா நகருக்கு அருகே அரச குலத்தின் நிலத்தடிக் கல்லறைகள் வெளிப்பட்டன. ஹம்தி பே நேரிற் சென்று அகழ்ந்து, அங்கிருந்த ஈமப்பேழைகளைக் கடல் வழியே தலைநகருக்குக் கொணர்ந்தார். புதிய கட்டடம் எழுந்ததே அவற்றை வைப்பதற்காகத்தான். அவற்றுள் புகழ்மிக்கது, கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ‘அலெக்சாந்தர் பேழை’.

பெயரே முதற்பிழை. இஸ்கந்தரின் உடல் இதில் கிடந்ததில்லை. அவர் சைதாவின் அரியணையில் அமர்த்திய அப்தலோனிமஸ் என்னும் மன்னனுக்காக இது செய்யப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஏதென்ஸை அடுத்த பெந்தெலிக் மலைப் பளிங்கு, கிரேக்கக் கைவண்ணம், ஆயின் புதைக்கப்பட்டவனோ பினீஷியன். பேழையின் ஒரு நெடும்பக்கத்தில் கிரேக்கரும் பாரசீகரும் போரிடுகின்றனர். சிங்கத் தோலைத் தலையில் அணிந்து குதிரைமீது பாய்பவரே இஸ்கந்தர். மறுபக்கத்திலோ அதே இரு இனத்தாரும் தோளோடு தோள் நின்று சிங்கத்தை வேட்டையாடுகின்றனர். நடுவே சிங்கம் தாக்கும் குதிரையில் இருப்பவன் பாரசீக உடை தரித்தவன். பகையும் உறவும் ஒரே கல்லின் இரு முகங்களாக நிற்கும் இப்படைப்பை ‘மேற்கு கிழக்கை வென்ற கதை’ என்று மட்டும் படிப்போர், அதைச் சுற்றி மறுபக்கம் செல்லாதவர்களே.

மற்றொரு மயக்கத்தையும் இப்பேழை உடைக்கின்றது. கிரேக்கச் சிற்பம் தூய வெண்மையானது என்ற எண்ணம் ஐரோப்பிய இரசனையில் ஆழ வேரூன்றியிருந்தது. அதன் பிடியில்தான் 1937–38இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த பார்த்தினான் சிற்பங்கள் வெண்மைக்காகச் சுரண்டப்பட்டன. நிலத்தடி இருளில் காக்கப்பட்ட சைதாப் பேழையிலோ சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஊதாவும் இன்றும் எஞ்சியிருக்கின்றன. கிரேக்கன் தன் கல்லுக்கு வண்ணம் தீட்டினான். வெண்மை பிற்காலத்தார் அவன்மீது ஏற்றிய விருப்பம்.

இதுவரை கூறியவை யாவும் ஹம்தி பேயின் பணிக்குப் பெருமை சேர்ப்பனவே. ஆனால் திறனாய்வு இங்கேயே நின்றுவிடலாகாது. இலண்டனையும் பெர்லினையும் அளக்கும் கோலால் நம்மவரையும் அளப்பதே நீதி. சைதா அன்று உஸ்மானிய ஆட்சிப்பகுதி என்பது உண்மை. சட்டமும் அரசின் பக்கமே. எனினும் தன் மன்னர்களின் பேழைகள் தலைநகருக்குப் போனபின் சைதாவுக்கு எஞ்சியவை வெறும் குழிகளே. அருங்காட்சியகத்தின் புகழில் இஸ்கந்தரின் பெயர் ஒலிக்கும் அளவுக்குச் சைதாவின் பெயர் ஒலிக்கவில்லை.

இதனினும் வேதனையானது மற்றொன்று. இன்றைய ஜோர்தானில் உள்ள முஷத்தா, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த உமையாக்களின் அரண்மனை. திராட்சைக் கொடிகளும் விலங்குகளும் செதுக்கப்பட்ட அதன் முகப்பு, தொடக்ககால இஸ்லாமியக் கலையின் அரிய சான்று. அதை ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாக வழங்கினார் இரண்டாம் அப்துல் ஹமீத். 1903இல் அது பெர்லின் சேர்ந்தது. ஏற்றுமதியைத் தடுத்த சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது. எந்த சுல்தானின் துக்ரா கிரேக்கப் பேழைகளுக்குக் காவலாக நிற்கின்றதோ, அதே சுல்தானின் கை இஸ்லாமியக் கலைச்செல்வத்தை வாரிக் கொடுத்தது. எதைத் தம் உடைமை என்று கருதுகின்றனர், எதைப் பேணத்தக்கது என்று மதிக்கின்றனர் என்பதில் ஆட்சியாளர்கள் கல்லை மட்டும் பார்ப்பதில்லை. கேட்பவர் யார் என்பதையும் பார்க்கின்றனர்.

ஆகவே அருங்காட்சியகம் செல்வோர் ‘இது எவ்வளவு அழகு’ என்பதோடு, ‘இது எங்கிருந்து, எவர் ஆணையால் இங்கு வந்தது’ என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவைப் பிறரிடம் மட்டும் கேட்பது வழக்காடுதல்; தம்மிடமும் கேட்பதே வரலாறு. சைதாவின் பேழை இரு பக்கமும் செதுக்கப்பட்டது. அதைச் சுற்றிவந்து காண்பவருக்கே அது முழுமையாகப் பேசும்.