சகோதரன் செவியில் சொல்லும் குற்றம்

சிநேகத்தை மனமார நாடுகிறவர்களே அதன் நெருக்கத்தைக் கண்டு பின்வாங்குவது விந்தையன்று. தன் அந்தரங்கத்தை முழுவதும் அறிந்துகொண்ட ஒருவன் மறுநாளும் தன் வீட்டுப் படியேறி வருவானா என்ற சந்தேகம், நல்லவர் என்று பெயரெடுத்தவர் உள்ளத்திலும் ஒளிந்திருக்கத்தான் செய்கிறது. ஊரெல்லாம் பழகியும் ஒருவரிடமும் மனந்திறவாமல் காலங்கழிக்கும் மனிதர்கள், ஆலயங்களில் மற்ற இடங்களைவிடக் குறைவு என்று சொல்வதற்கில்லை. பக்தியுள்ளவன் என்ற மதிப்பைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அங்கே அச்சத்தை இரட்டிப்பாக்குகிறது. இதற்குக் கிறிஸ்தவ மார்க்கம் கண்ட பரிகாரங்களுள் பழைமையானது, யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும் வழக்கம். 1738-இல் ஜான் வெஸ்லி தம் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளில் அதற்கு முதன்மையான இடம் தந்தார். எனினும் அவ்வழக்கத்தின் வலிமையும் பிழையும் ஒருங்கே தெரியும் இடம் அன்றைய ஜெர்மனியின் பின்கன்வால்டே என்பது என் கருத்து.

ஹிட்லரின் ஆட்சிக்கு இசைந்துபோக மறுத்த திருச்சபையினர், தங்கள் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க 1935 ஏப்ரலில் பால்டிக் கடலோரத்துச் சிங்ஸ்டில் ஒரு பள்ளியைத் தொடங்கி, ஜூன் மாதத்தில் ஸ்டெட்டின் நகரையடுத்த பின்கன்வால்டேக்கு மாற்றினார்கள். தலைமையேற்ற டீட்ரிக் போன்ஹோஃபருக்கு அப்போது வயது 29. திருவிருந்துக்கு முந்திய நாளில் சகோதரர்கள் தங்களுக்குள் இருக்கும் மனஸ்தாபங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், விரும்புகிறவர் தம் பாவத்தை ஒரு சகோதரனிடம் தனியே அறிக்கையிடலாம் என்றும் அவர் சொன்னபோது மாணவர்கள் திகைத்தார்கள். தனிப்பட்ட பாவ அறிக்கையை லூத்தர் ஒழித்துவிடவில்லை, போற்றவே செய்தார். ஆயினும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அப்பழக்கம் தேய்ந்து மறைந்து, அது கத்தோலிக்கருக்கே உரியது என்ற எண்ணம் ஊன்றிப்போயிருந்தது.

போன்ஹோஃபர் தம் அனுபவத்தை 1938-இல் எழுதி, மறு ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதில் அவர் காட்டும் நியாயம் ஆழமானது. பக்திமான்களாக மட்டுமே ஒருவரையொருவர் சந்திக்கிறவர்கள், ஒரே மேசையில் உண்டு, ஒரே ஜெபத்தைச் சொல்லி, ஒரே கூரையின் கீழ் உறங்கினாலும், பாவிகளாகச் சந்திக்காதவரை ஆளுக்கொரு தனிமையில்தான் இருக்கிறார்கள். மறைத்து வைத்த பாவம் மனிதனைப் பிறரிடமிருந்து பிரிப்பதனாலேயே வலுப்பெறுகிறது. அதைக் கேட்கும் சகோதரனோ நீதிபதியாக அங்கே அமர்ந்திருக்கவில்லை, தானும் மன்னிப்பினால் பிழைத்தவனாக, கிறிஸ்துவின் ஸ்தானத்தில் நின்று கேட்கிறான். நெருக்கத்தைக் கண்டு நடுங்கும் மனத்துக்கு இதைவிடச் சிறந்த ஆறுதலை நான் அறியேன். நண்பனுடைய நல்லெண்ணத்தை நம்பி இரகசியத்தைச் சொல்கிறவன், அந்த நல்லெண்ணம் மாறும் நாளை எண்ணி அன்றே அஞ்சத் தொடங்குகிறான். தேவனுடைய மன்னிப்பை நம்பிச் சொல்கிறவனுக்கு நண்பனின் மனப்போக்கு மட்டுமே ஆதாரமாய் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த அறிக்கை ஒன்றே அந்த இளைஞர்களை நெருங்கச் செய்தது என்று கொண்டால் தவறிவிடுவோம். பின்கன்வால்டேயில் எளிய விதி ஒன்று இருந்தது: சகோதரன் ஒருவன் இல்லாத இடத்தில் அவனைப்பற்றிப் பேசலாகாது, பேச நேர்ந்துவிட்டால் அதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். புறங்கூறுதல் நின்ற வீட்டில்தான் ஒருவன் அச்சமின்றி வாய்திறப்பான். சிங்ஸ்டில் ஒரு நாள் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டு, ஒருவரும் எழவில்லை. போன்ஹோஃபர் பேசாமல் எழுந்து போய், பின்னாலேயே ஓடிவந்தவர்களை உள்ளே விடாமல் கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலையை முடித்தார். பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாவ அறிக்கையைப் பற்றிய அவருடைய போதனையை அம்மாணவர்கள் செவிகொடுத்துக் கேட்டதற்கு இத்தகைய நடத்தை எவ்வளவு காரணமாயிருந்திருக்கும் என்பதை, அந்நூலின் கடைசி அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டு இவ்வழக்கத்தைத் தங்கள் குழுக்களில் புகுத்துகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிப் பிழைகள். விருப்பமுள்ளவர் செய்யலாம் என்று தலைவர் சொல்லும்போது, அவர் கையில் தன் எதிர்காலம் இருக்கிற மாணவனுக்கு அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது? ஒருவரே அனைவருடைய அறிக்கையையும் கேட்டால் அது வெறும் சடங்காகவோ ஆன்மாக்களின்மேல் கொடுங்கோன்மையாகவோ முடியும் என்று போன்ஹோஃபரே எச்சரித்தார். தாம் அறிக்கையிடத் தம்மிலும் மூன்று வயது இளைய மாணவரான எபர்ஹார்ட் பெத்கேயைத் தேர்ந்துகொண்டார். தலைவர் இப்படித் தம்மைத் தாழ்த்திக்கொண்டது அங்கே காவலாய் நின்றது உண்மை. ஆயினும் அது அந்த மனிதரின் குணத்தைச் சார்ந்த காவல்; அத்தகைய குணமில்லாதவர் தலைமையேற்கும் குழுவில், கேட்ட இரகசியம் ஆயுதமாவதைத் தடுக்க அந்நூலில் எச்சரிக்கை இருக்கிறதே தவிர, ஏற்பாடு ஒன்றும் இல்லை.

இதனினும் நுட்பமான குறை ஒன்று உண்டு. இயல்பாய் எழும் பாசத்தை அந்நூல் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. மனித அன்பு பிறனைத் தன்வசமாக்கத் துடிக்கும், ஆவிக்குரிய அன்போ கிறிஸ்துவை நடுவில் நிறுத்தி அவனை விடுதலையாய் விடும் என்பது அதன் வாதம். பிறரை விழுங்கும் பாசத்தை அறிந்தவர்கள் இதில் உள்ள உண்மையை மறுக்கமாட்டார்கள். ஆனால் நெருக்கத்துக்கு அஞ்சுகிறவன் கையில் இவ்வாதத்தைக் கொடுத்தால், நடுவர் என்று சொல்லப்பட்ட கிறிஸ்துவையே அவன் மதிலாக்கிக்கொள்வான். தன் ஒதுக்கத்துக்குப் பரிசுத்தம் என்று பெயரிட்டுத் திருப்தியடைவான். அவனிடம் சொல்ல வேண்டியது, ஒரு குறிப்பிட்ட மனிதனை அவனுக்காகவே நேசிப்பதும் தேவன் தந்த நன்மை என்பதே. அந்த வாக்கியத்தை நான் அந்நூலில் தேடியும் காணவில்லை.

1937 செப்டம்பரில் ஹிட்லர் ஆட்சியின் இரகசியப் போலீசான கெஸ்டபோ அந்தப் பள்ளியை மூடியது. 1943 ஏப்ரலில் கைதாகி டேகல் சிறையில் அடைக்கப்பட்ட போன்ஹோஃபர், ஆராதனையும் பாவ அறிக்கையும் திருவிருந்தும் இன்றி மாதங்கள் கழிந்தபின், அவ்வாண்டு நவம்பரில் பெத்கேக்கு எழுதி, முன்பு பலமுறை இருந்ததுபோல மறுபடியும் தமக்குப் போதகராயிருந்து செவிகொடுக்கும்படி வேண்டினார். சுபாவத்தில் அடக்கமும் ஒதுக்கமும் மிகுந்த ஒரு மனிதரால் அப்படிக் கேட்க முடிந்தது பின்கன்வால்டேயின் பழக்கத்தினால்தான். அவ்வளவில் அவ்வழக்கம் தன் பலனைத் தந்துவிட்டது. ஆனால் அக்கடிதங்களில் ததும்பும் பாசம், 1939-இன் நூல் இடங்கொடுத்த அளவைக் கடந்தது. அவரும் அதை உணர்ந்திருக்க வேண்டும்: 1944 ஜனவரியில், விவாகம், தொழில், அரசு, திருச்சபை என்னும் தேவ கட்டளைகளுள் அடங்காமல் சுதந்திரத்தின் பரப்பைச் சேர்ந்தது நட்பு என்றெழுதி, தம் பழைய வாதத்தில் இல்லாத ஓர் இடத்தை அதற்கு அளித்தார், அவ்வாண்டு ஆகஸ்டில் பெத்கேயின் பிறந்தநாளுக்கென்று நண்பனைப்பற்றி ஒரு கவிதையும் இயற்றினார்.